வேப்பம்பூ வடகம்

கடந்த வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் என் கையில் ஒரு சிறு பொதியைத் திணித்துவிட்டுப் போனார். பிரிப்பதற்கு முன்னரே வாசனை காட்டிக் கொடுத்துவிட்டது. வேப்பம்பூ வடகம்.

எங்கள் பக்கத்தைச் சேராத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். மரத்தின் கீழ் பழைய சேலையொன்றை விரித்துவிட்டால் பூ தானாகவே கொட்டும். காம்பும் தூசியும் நீக்கி, ஊறவைத்து அரைத்த உளுந்துடன் வெங்காயம், செத்தல் மிளகாய், சீரகம், உப்பு சேர்த்துக் குழைத்து, சிறு வட்டங்களாகத் தட்டி, ஓலைப்பாயில் காயவிடுவார்கள். காகத்துக்குக் காவல் இருப்பது எங்கள் சிறுவயது உத்தியோகம்.

உளுந்தைக் கூட்டினால் கைப்புக் குறையும். அயலில் பலர் அப்படித்தான் செய்தார்கள். அம்மா மட்டும் ஒப்பமாட்டார். "கைக்காத வடகத்துக்கு வேப்பம்பூ என்னத்துக்கு? உளுந்து வடையைச் சுட்டுத் தின்னுங்கோவன்" என்பார்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின், ஆண்டுதோறும் யாராவது ஒருவர் மூலம் அந்த வடகம் கொழும்புக்கு வந்து சேரும். 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டது. வடகம் மட்டுமா நின்றது? குடாநாட்டிலிருந்த உறவுகள் எல்லாம் அறுந்து அறுந்து வரும் ஒரு தொலைபேசிக் குரலாகச் சுருங்கிப்போயின.

2007 வைகாசியில் எனக்கு மகள் பிறந்தாள். திருமணமாகி நெடுங்காலத்தின் பின் பிறந்த பிள்ளை. அம்மாவுக்கு அறிவிக்க அன்று முழுவதும் முயன்றேன். மறுநாள்தான் இணைப்புக் கிடைத்தது. "பெட்டையே? நல்லது. உன்ர மூக்கு வராட்டிச் சரி" என்றார். பிறகு, அந்த ஆண்டுப் பூவில் வடகம் போட்டு வைத்திருப்பதாகவும், பாதை திறந்ததும் அனுப்புவதாகவும் சொன்னார். ஆசிரியபீடத்தில் எல்லோருக்கும் சொக்லேட் கொடுத்தேன்.

பதினொராம் நாள் அம்மா இறந்துபோனார். நெஞ்சுவலி என்று அக்கா சொன்னாள். செய்தி வந்தபோது பிள்ளை என் மடியில் உறங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். அசைந்தால் அது விழித்துவிடும்.

போக முடியவில்லை. விமானமானாலும் கப்பலானாலும் பாதுகாப்பு அனுமதி பெற வேண்டும். அதற்கு நாட்கள் செல்லும். பிரேதம் அதுவரை காத்திருக்காது. நான் ஒரே ஆண்பிள்ளை. அக்காவின் மகன், பதினாறு வயதுப் பையன், கொள்ளி வைத்தான்.

அன்று மாலை அலுவலகம் சென்றேன். மரண அறிவித்தலை நானே எழுதினேன். எத்தனையோ பேருடைய அறிவித்தல்களில் எழுத்துப்பிழை திருத்தியவன், என் தாயின் பெயரை எழுதிவிட்டு இரண்டு முறை சரிபார்த்தேன். ஆறுதல் சொல்ல வந்த நண்பரின் மேசையில், நான் கொடுத்த சொக்லேட்டின் பாதி இன்னும் கிடந்தது. அவர் அதை மெதுவாக இலாச்சிக்குள் தள்ளினார். அந்தக் கையசைவை இன்றும் மறக்கவில்லை.

எங்கள் ஊரில் பிறப்புக்கும் இறப்புக்கும் துடக்கு என்ற ஒரே சொல்தான். ஒரே வீட்டில் இரண்டும் ஒன்றாக வந்தபோதுதான் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கவனித்தேன். இன்பமும் துன்பமும் சக்கரம் போல மாறி மாறி வரும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவை மாறி வரவில்லை. பிள்ளை முதன்முதலாகச் சிரித்தபோது, அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. எண்களில் பாதியைச் சுழற்றியும் விட்டேன்.

2010 பங்குனியில் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். மூன்று வயது நிரம்பாத மகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது அக்கா ஓவென்று அழுதாள். அழுகை ஓய்ந்ததும் அவள் அடுக்களையிலிருந்து ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலைக் கொண்டுவந்தாள். அம்மா போட்ட வடகம். மூன்று வருடங்களாக அவ்வப்போது வெயில் காட்டி வைத்திருக்கிறாள். அப்படியும் சிலவற்றில் வண்டு துளைத்திருந்தது.

நல்லதாகப் பார்த்து ஒரு பிடி பொரித்தாள். உளுந்தின் சுவை போய்விட்டிருந்தது. பழைய வாடை வேறு. கைப்பு மட்டும் அப்படியே இருந்தது. சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தபோது, அக்கா என்னைப் பார்த்து, "அம்மா இருந்தால் இந்தப் பழசைப் பொரிச்சதுக்கு ரெண்டு பேருக்கும் நல்ல பேச்சு விழுந்திருக்கும்" என்றாள். இருவரும் சிரித்தோம். நெடுநேரம் சிரித்தோம். என் மனைவிதான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மகள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

போத்தலின் அடியில் இன்னும் ஏழெட்டுக் கிடந்தன. அக்கா அவற்றைப் பொரிக்கவில்லை. மூடியை இறுக்கிப் பழைய இடத்திலேயே வைத்தாள்.