பல்லைப் பார்க்க முடியாத மாடு

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும், நாலடி நடத்தியும் பார்க்க வேண்டும் என்பார் எம் தந்தையார். தானமாக வந்த மாட்டுக்குத்தான் அந்தச் சோதனை ஆகாது. ஆனால் மாடு 400 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் நிற்க, அதன் படம் மாத்திரம் எம் கையில் இருந்தால் யாது செய்வது? சென்ற மாதம் எமக்கு இத்தகைய இக்கட்டொன்று நேர்ந்தது. நாம் வாங்க எண்ணியது மாடன்று. மோட்டார் எஞ்சினின் புளொக்.

எமது வீட்டில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று உண்டு. தந்தையார் அதனை 1978இற் பழைய காராகவே வாங்கினார். 1990இன் பின் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரிதாயிற்று. அக்காலத்தில் எமது காரும் ஊரிலுள்ள மற்றைய கார்களைப் போலவே சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலே, நடக்கவியலாத எம் அப்பாச்சியைச் சுமந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் அதுவே. சனக்கூட்டத்தினிடையே அதனைப் பின்னிருந்து தள்ளிச் சென்ற சிறுவன் நாமே.

அந்த உழைப்புக்கு விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், சுவர் தேயும். தேய்ந்த துளையைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்ரன் போடுவார்கள். அப்பிஸ்ரன்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 எனப் படிப்படியாக வரும். எமது எஞ்சினோ நாற்பதையும் கண்டுவிட்டது. இப்போது அது புகை கக்குவதிலேயே வல்லமை காட்டுகின்றது.

இந்நிலையிலேதான் இணையத்தில் அவ்விளம்பரத்தைக் கண்டோம். “மொறிஸ் மைனர் 948 சீசீ புளொக். மெசின் செய்தது. பூட்டியவுடன் ஓடும்.” படத்திலே துளைகள் நான்கும் வெள்ளிபோல் மின்னின. விலையோ எமது ஒரு மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி. மகளின் படிப்புக்கென ஒதுக்கிய பணத்திலிருந்தே அதனை எடுக்க வேண்டும். ஆயினும், எண்பது வயதைக் கடந்த தந்தையார், “ஒருக்கால் இதிலை நல்லூருக்குப் போட்டு வருவம், தம்பி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காத்திருக்கலாம், காலம் காத்திருக்குமா? பணம் அனுப்பத் துணிந்தோம்.

அனுப்புமுன் எமது மெக்கானிக் அண்ணருக்குப் படத்தைக் காட்டினோம். அவர் சிரித்தார்.

“மெசின் பண்ணினது எண்டது சரி, மாஸ்ரர். எவ்வளவு வெட்டிப்போட்டினம்? நம்பரைக் கேளுங்கோ.”

நாம் நாணினோம். பதினெட்டு ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பிக்கின்றோம். எண்ணும் அலகும் எழுதாத மாணவனின் விடைக்குப் புள்ளி கொடுத்ததில்லை. அத்தகைய நாமே, ‘மெசின் செய்தது’ என்ற இரண்டு சொற்களை நம்பி ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கவிருந்தோம்!

அண்ணர் கேட்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாய்ச் சொன்னார். நான்கு துளைகளின் விட்டத்தையும் மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, அளவுகருவி தெரியப் படமெடுத்து அனுப்ப வேண்டும். கிராங்கைத் தாங்கும் மூன்று பெயரிங் மூடிகளும் அந்தப் புளொக்கிற்கே உரியனவா என்று அறிய வேண்டும். புளொக்குடன் சேர்த்தே கடையப்படுவதால் வேறொன்றின் மூடி அதற்குப் பொருந்தாது. துளைகளுக்கிடையில் வெடிப்பு உண்டா என்று சோதித்தார்களா? புதுச் சாயம் பூசியிருந்தால் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். சாயம் வெடிப்பையும் மறைக்கும்.

எழுதிக் கேட்டோம். “எல்லாம் நல்லம்” என்று முதலிற் பதில் வந்தது. மீண்டுங் கேட்டோம். மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. 63.9 மில்லிமீற்றர்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அத்துளையின் விட்டம் 62.9. ஆயிரத்தில் நாற்பது அங்குலம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். கணக்கு முடிந்தது. அந்தப் புளொக்கும் எமதைப் போலவே கடைசிப் படியில் நின்றது. விற்பவர் பொய் சொல்லவில்லை. மெசின் செய்தது உண்மையே. இனிச் செய்வதற்கு இடமில்லை என்பதையே அவர் சொல்லவில்லை. எம் வீட்டிலிருந்த நோயையே நாம் காசு கொடுத்து வாங்கவிருந்தோம். கேட்டபின் அளந்து காட்டினாரே, அதற்காக அவருக்கு நன்றி கூறினோம்.

எமது பழைய புளொக்கிற்கே வார்ப்பிரும்புச் சிலீவ் இறக்கி, துளைகளை மீண்டும் முதல் அளவுக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். செலவு பெரிதும் குறையவில்லை. ஆனால் வேலை எம் கண்முன்னே நடைபெறும். அளவுகருவியை நாமே பிடித்துப் பார்க்கலாம்.

தந்தையாரிடம் விபரம் கூறினோம். கராச்சுக்கு வந்து, கழற்றிவைத்த புளொக்கின் துளைக்குள் விரலை விட்டு மெல்லத் தடவினார்.

“இதின்ரை பல்லு எனக்குத் தெரியும்” என்றார்.