ரெக்கவரி டிஸ்க்கில் ஓ.எஸ். போடப் போகிறவர்களுக்கு

விண்டோஸ் சி.டி.யை வைத்து ஓ.எஸ். போடத் தெரிந்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். லேப்டாப்போடு வந்த ரெக்கவரி டிஸ்க்கை வைத்து விர்ச்சுவல் மெஷினுக்குள் அதே ஓ.எஸ்.ஸைப் போடுவது வேறு வேலை. அதில் இருப்பது சாதாரண இன்ஸ்டாலர் அல்ல. ஒரு மாடலுக்கென்று டிரைவர், சில்லறை சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்துக் கட்டிய இமேஜ். வந்திருப்பது தன் மெஷின்தானா என்று பார்த்த பிறகுதான் பல டிஸ்க்குகள் வேலையையே தொடங்கும்.

என்னிடம் இதற்காக வருகிறவர்கள் பெரும்பாலும் அச்சகக்காரர்கள். பழைய தமிழ் ஃபான்ட்டில் பேஜ்மேக்கரில் கட்டிய புத்தகங்களைக் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்து 16 பிட் சாஃப்ட்வேர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. அவர்களுக்குப் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யேதான் வேண்டும்.

முதலில் டிஸ்க்கைக் காப்பி எடுங்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் எந்த டிஸ்க்கையும் டிரைவில் வைக்க மாட்டார். பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுப்பார். யாராவது வட்டமாகத் துடைத்தால் பேசாமல் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். டேட்டா ஓடும் தடத்தோடேயே கீறல் விழுந்தால் டிரைவால் சமாளிக்க முடியாது. அதற்குத்தான் அந்தக் கெடுபிடி.

காப்பிக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ, செக்டார் அளவு 2048. ஒரு டிரைவ் படிக்காத செக்டாரை இன்னொரு டிரைவ் படித்துவிடும். மேப் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீட்டில் ரைட் பண்ணிய டி.வி.டி. என்றால் ராத்திரி முழுக்க ஓடினாலும் ஓடட்டும்.

விர்ச்சுவல் மெஷின் அமைக்கும்போது பழைய சாமானையே கொடுங்கள். எக்ஸ்.பி.க்கு ஐ.டி.இ. கன்ட்ரோலர். ஏ.எச்.சி.ஐ. கொடுத்துவிட்டு 0x0000007B நீலத் திரையோடு ஓடிவரும் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். நெட்வொர்க் கார்டு பிசிநெட். ஹார்டு டிஸ்க் அசல் லேப்டாப்பில் இருந்த அளவுக்குக் குறைய வேண்டாம். டைனமிக் என்று வைத்தால் எழுதிய அளவுக்குத்தான் இடம் பிடிக்கும்.

பிறகு, தன் மெஷின்தானா என்று டிஸ்க் பார்க்கும் அந்தப் பெயர்ப் பிரச்சினை. அசல் லேப்டாப்பில் டிஎம்ஐடிகோட் ஓட்டி, கம்பெனி, மாடல் பெயர்களை எடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் அவற்றை எழுத்துப் பிசகாமல் ஏற்ற வேண்டும். சில கம்பெனிப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு புள்ளி இருக்கும். அது விட்டுப்போனாலும் டிஸ்க் மறுக்கலாம். அதே லேப்டாப்பில் விஎம்வேர் ஓட்டுகிறீர்கள் என்றால் ரிஃப்ளெக்ட்ஹோஸ்ட் என்ற ஒரே வரி போதும். லைசென்ஸும் அந்த லேப்டாப்புக்கு உரியதுதான். வேறு மெஷினில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டால் நான் கை வைப்பதில்லை.

இரண்டாவது டிஸ்க் கேட்கும்போது ரீசெட் அடிக்காதீர்கள், மெனுவில், காப்பி எடுத்த ஐ.எஸ்.ஓ.வை மட்டும் மாற்றுங்கள். எல்லாம் முடிந்து ரீபூட் ஆகுமுன் ஐ.எஸ்.ஓ.வைக் கழற்றிவிடுங்கள். மறந்தால் முதல் டிஸ்க் மறுபடி பூட் ஆகி, போட்டதை பார்மட் செய்யக் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் எஸ் என்று தட்டுகிறவர்கள் உண்டு.

டெஸ்க்டாப் வந்ததும் டச்பேட் டிரைவரும் ஹாட்கீ சாஃப்ட்வேரும் எர்ரர் காட்டிக் கத்தும். அவற்றை நீக்குவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட், நீக்கிய பின் ஒன்று.

எக்ஸ்.பி.க்கு வழக்கமான அப்டேட் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் நெட்வொர்க் கார்டைக் கழற்றிவிட்டு, ஷேர்டு ஃபோல்டரை மட்டும் வைத்துக் கஸ்டமரிடம் கொடுங்கள்.