எங்கட வீட்டுக் கணக்குக் கொப்பி

எங்கட வளவுக்குள்ள ஒரு வீடு 2014இலிருந்து கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. முதல் வருஷம் அத்திவாரம். பிறகு சுவர். பிறகு கதவு நிலை. அதுக்குப் பிறகு நீண்ட இடைவெளி. மாரி மழைக்குச் சுவரில் பாசி பிடிக்கும், வெயிலுக்கு அது கருகும், அடுத்த மாரிக்குத் திரும்பப் பிடிக்கும்.

அந்த வீடு எங்களில் ஒருவருக்காகக் கட்டப்படுகிறது. அதற்குச் சல்லி அனுப்பியது எங்களில் மற்றவர். காக்காவும் தங்கச்சியுமாக நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம். ஒருவர் தோஹாவில், ஒருவர் காத்தான்குடியில். வாட்ஸ்அப்பில் பேசி, சண்டை பிடித்து, ரெண்டு நாள் பேசாமல் இருந்து, பிறகு எழுதியது.

எங்கட ஊரைத் தெரியாதவர்களுக்கு: மட்டக்களப்பு நகரத்திலிருந்து கல்முனை வீதியால் தெற்கே கொஞ்சத் தூரம் வந்தால் காத்தான்குடி. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் நெருக்கி அடித்துக்கொண்டு வீடும் கடையும். இங்கே பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பொண்ணுட வீட்டுக்கு வந்து இருப்பார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாரும் அப்படித்தான். உம்மாவும் வாப்பாவும் இருக்கிற வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். இது முஸ்லிம்களுடைய வழமை மட்டுமில்லை. வாவியைச் சுற்றியுள்ள தமிழ் ஊர்களிலும் இதே கதைதான். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் பல வருஷம் ஆய்வு செய்து இதைப் பற்றி 2008இல் ஒரு பெரிய புத்தகமே போட்டிருக்கிறார்.

நிதிச் சுதந்திரம் என்று யூடியூபில் தேடினால் வருகிற ஆலோசனை எதுவும் எங்களுக்குப் பொருந்தாததற்கு இந்த வீடுதான் காரணம். சம்பளத்தை மூன்றாகப் பிரி, அவசரத்துக்கு ஆறு மாதச் செலவை ஒதுக்கி வை, தாய் தகப்பனை விட்டு வெளியே போய் வாழப் பழகு என்கிறார்கள். எங்கட ஊரில் மகன் வெளியே போவதே கலியாணம் முடிக்கிற அன்றைக்குத்தான், அதுவும் இன்னொரு உம்மா வாப்பாவுடைய வீட்டுக்கு. மகள் எங்கேயும் போவதில்லை. மகன் உழைக்கத் தொடங்குவதற்கு முந்தியே அந்தச் சம்பளம் யாருக்கு என்று முடிவாகியிருக்கும்.

எங்களில் மூத்தவர் உயர்தரம் எழுதிவிட்டு 2013இல் கத்தாருக்குப் போனபோது வயது 21. ராத்தாட கலியாணம் 2010இல் முடிந்து, நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு ராத்தாட பெயருக்கு உறுதி எழுதப்பட்டிருந்தது. வாப்பா துணி வியாபாரம். கட்டு கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தவணைக்குக் கொடுத்துவிட்டு வருவார். அந்த வருமானத்தில் சாப்பிடலாம், இன்னொரு வீடு கட்ட ஏலாது. யாரும் காக்காவை உட்கார வைத்து “நீதான் கட்ட வேணும்” என்று சொல்லவில்லை. கேட்கிற விஷயமாகவே அதை யாரும் நினைக்கவில்லை. மாதா மாதம் சல்லி வந்தது. சீமெந்தாகவும் கல்லாகவும் மேசன் கூலியாகவும் போனது. தங்கச்சிக்கு முந்திக் காக்கா முடிப்பதும் ஊரில் வழக்கமில்லை. ஆக வீடு முடிந்து தங்கச்சி முடித்த பிறகுதான் காக்காட வாழ்க்கை தொடங்கும்.

எங்களில் இளையவர் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, 2020 செப்டெம்பரில் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தபோது உள்ளே வந்தவர். மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. முதல் மாதச் சல்லியை உம்மாட கையில் கொடுத்தபோது உம்மா திருப்பிக் கொடுத்துவிட்டு, “இது உன்ட கைச்செலவுக்கு வச்சிக்க மகள்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. காக்கா அனுப்பினால் உழைப்பு, தங்கச்சி கொண்டுவந்தால் கைச்செலவு.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வாப்பாட வியாபாரம் படுத்துவிட்டது. இருபது வருஷம் கடனுக்குத் துணி எடுத்த வீடுகளில் கூட கதவு திறக்கவில்லை. பிறகு கொரோனா. பிறகு 2022. அந்த வருஷம் மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். அதுவரைக்கும் ஒரு கத்தார் றியாலுக்கு 55 ரூபாய் அளவில் கிடைத்தது, மே மாதமாகும்போது 100 ரூபாய்க்குக் கிட்ட வந்தது. ஊரில் எல்லாரும் “உங்களுக்கென்ன, மகன் வெளிநாட்டில” என்றார்கள். ஆனால் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். வந்த சல்லி அரிசிக்கும் மருந்துக்கும் கடனுக்கும் போனது. வீட்டு வேலை நின்றது. அந்த மாதங்களில் காஸ், மின்சார பில், வாப்பாட பிறஷர் குளிசை எல்லாம் தங்கச்சிட ‘கைச்செலவி’லிருந்துதான் போனது. அதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “வீடு எப்ப முடியும்?” வாப்பா தோஹாவுக்கு எடுத்தார். “இன்னும் ரெண்டு வருஷம் இரி மகன். பிளேட் போட்டு முடிஞ்சா நீ வந்திரலாம்.”

2013இலும் ரெண்டு வருஷம் என்றுதான் சொல்லப்பட்டது.

அன்று இரவு நாங்கள் முதல் தடவையாக உண்மையாகப் பேசினோம். காக்கா சொன்னார்: “எனக்கு உன்னோட கோவம் இல்ல. ஆனா அந்த வீட்டப் படத்தில பாக்க எனக்கு விருப்பமில்ல.” தங்கச்சி சொன்னார்: “அந்த வீட்ட நான் கேட்டனா? எனக்கும் சம்பளம் வருது. அதால கட்டுவம் எண்டு ஒருத்தரும் ஏன் கேக்கல்ல?” ஒருவர் தன்னைக் கறக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மற்றவர் தன்னைச் சுமையாக நினைக்கிறார்கள் என்று. ரெண்டு பேரும் ஒன்பது வருஷம் ஒரே வீட்டைப் பற்றித்தான் நினைத்திருக்கிறோம்.

அடுத்த நாள் ஒரு சீஆர் கொப்பி வாங்கினோம். யார் எவ்வளவு கொடுத்தது, எதற்குப் போனது என்று ஞாபகத்துக்கு வந்ததையெல்லாம் எழுதினோம். சல்லி அனுப்பிய துண்டுகள் ஒரு பக்கம், ஹாட்வெயார் பில்கள் மறுபக்கம். வாப்பா அதைக் கண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. “கணக்குப் பாக்கிற குடும்பமா நாம?” என்று கேட்டுவிட்டு மஃரிபுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் அந்தக் கொப்பி மேசையில் மூடியபடி கிடந்தது. நாலாவது நாள் திறந்தபோது கடைசிப் பக்கத்தில் வாப்பாட கையெழுத்து. பெரிய மாமிட வீடு, 78 சூறாவளியில் கூரை போனது, திரும்ப ஓடு போட்டது. சின்ன மாமிட வீடு, 83இல் தொடங்கி 86இல் முடித்தது. எல்லாம் படுவான்கரை வயல் விளைச்சலில். கீழே ஒரு வரி: 90க்குப் பிறகு வயல் இல்லை.

சூறாவளி வருஷம் வாப்பாவுக்கும் வயது 21.

1990இல் காத்தான்குடிப் பள்ளிகளிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு எங்கட ஆக்கள் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போக முடியாமல் போனதும், பலருடைய வயல்கள் கைவிட்டுப் போனதும் எங்களுக்குத் தெரியும். யுத்தம்தான் வாப்பாவை ஒன்றும் இல்லாதவராக ஆக்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதுக்கு முந்தியே அவருடைய வாலிபம் ரெண்டு வீடாகக் கட்டி எழுதிக் கொடுக்கப்பட்டிருந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. சொன்னால் கணக்குப் பார்த்தது போலாகும்.

வீடு கொடுக்கிற வழமையே பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதை ஒரு சீர்கேடு என்று மட்டும் பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. இந்த நாட்டு முஸ்லிம் வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன்ட பங்கில் பாதிதான். ஆனால் எங்கட ஊரில் வீட்டு உறுதி மகளுடைய பெயரில் இருக்கிறது. தலாக் ஆனாலும் அவள் தெருவுக்கு வருவதில்லை, புருஷன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேணும். 2004 சுனாமிக்குப் பிறகு ‘குடும்பத் தலைவர்’ என்று ஆம்பிளைகளுடைய பெயரில் வீடுகள் பதியப்பட்டபோது கிழக்கில் பெண்கள் எதை இழந்தார்கள் என்று உம்மாட வயதுக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கைக்கூலி வேறு விஷயம். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கூட அதை மனைவி திருப்பிக் கேட்கக்கூடிய சல்லியாகத்தான் பார்க்கிறது. மாப்பிள்ளையுடைய விலையாக அதை ஆக்கியது நாங்கள்.

ஆகவே வீடு இருக்கட்டும். அதை யார், எவ்வளவு, எது வரைக்கும் என்று பேசிக் கட்டுவோம் என்பதுதான் எங்கட கோரிக்கை. சூரா நிஸாவில் ஆண்களுக்கு அவர்கள் உழைத்ததில் பங்கு, பெண்களுக்கு அவர்கள் உழைத்ததில் பங்கு என்ற கருத்தில் ஒரு வசனம் இருக்கிறது. மத்ரஸாவில் ஓதியபோது எங்களுக்கு அது வாரிசுப் பங்கு போல ஏதோ ஒன்றாகத்தான் விளங்கியது. மாதச் சம்பளத்துக்கும் அது பொருந்தும் என்று கொப்பி எழுதும்போதுதான் விளங்கியது.

2023 ஜனவரியில் நாங்கள் முடிவெடுத்தது இதுதான். பிளேட் வேண்டாம், தகரம் போதும். ரெண்டு அறையும் குசினியும் முடிந்தால் போதும், மேல் வீடு கனவை விடுவது. மிச்ச வேலை தங்கச்சிட சம்பளத்திலும் அலுவலகத்தில் கட்டுகிற சீட்டிலும். காக்கா மாதம் ஒரு தொகையை உம்மாட செலவுக்கு அனுப்புவார், அது கூடாது, குறையாது. மிச்சம் அவருடைய கணக்கில் அவருடைய பெயரில். அந்தக் கலியாணப் பேச்சு நின்றுபோனது. தகர வீடு அவர்களுக்குச் சரிவரவில்லை. தங்கச்சி ஒரு கிழமை அழுதார் என்பதையும் எழுத வேணும் என்று அவரே சொல்கிறார். ஊரில் மாமிமார் ஒன்றுக்கு ரெண்டாகக் கதைத்தார்கள். “உழைக்கத் தொடங்கினா பொம்பிளப் பிள்ளைக்கு வாய் நீளும்” என்பது அதில் கொஞ்சம் மரியாதையானது.

இந்த வயதில் இருக்கிற உங்களுக்கு எங்களால் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முதல் சம்பளத்திலிருந்தே எழுதி வையுங்கள். சகோதரியிடம் நேரடியாகக் கேளுங்கள், அவளுக்கு என்ன வீடு வேணும் என்று. உழைக்கிற தங்கச்சிமாரே, அதைக் கைச்செலவு என்று யாராவது சொன்னால் அன்றைக்கே திருத்துங்கள், மரியாதையாக. கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நாங்கள் இன்றைக்கும் கொடுக்கிறோம். தொகையை நாங்களே சொல்லிக் கொடுப்பதால் கை கனக்கவில்லை.

வீடு இன்னும் முடியவில்லை. பூச்சு பாதியில் நிற்கிறது. காக்கா இந்த வருஷம் லீவில் வந்தபோது அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். கொப்பி இப்போது கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. போன நோன்பில், சஹருக்கு எழும்பிய நேரம், உம்மா கேட்டார்:

“எல்லார்ட பேரும் இரிக்கு. என்ட எங்க?”

2013இல் ஏஜென்சிக்குக் கட்டிய சல்லி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் கேட்டோம். உம்மாட ரெண்டு தங்கக் காப்பு. அது வரைக்கும் யாருக்கும் தெரியாது, வாப்பாவுக்கும். முதல் பக்கத்தில் இடம் விட்டிருக்கவில்லை. மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினோம்.