பணம் வரும் முன்னே... பாட்டு வரும் பின்னே!

லண்டனில் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன் என்றால், எல்லோரும் கேட்பது, "பக்கிங்ஹாம் அரண்மனை பார்த்தீங்களா?" பார்த்தேன். ஆனால் மனசில் நிற்பது பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் அய்ல்ஸ்பரிதான். மேரிலபோன் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். வெள்ளை வாத்துக்குப் பேர் போன ஊர். ஆனால் நாங்கள் போனது வாத்து பார்க்க அல்ல.

என் பையன் வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர், இரண்டு நாள் கிடார். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆல்பம் போடப் போகிறார்களாம். "கம்பெனி வேணாம்ப்பா. கேக்கறவங்ககிட்டயே முன்பணம் வாங்கிடலாம்" என்றான்.

"பாட்டு வர்றதுக்கு முன்னாடியே எவன்டா காசு குடுப்பான்?" என்று பாய்ந்தேன். சும்மா இல்லை, பட்டவன் நான். தீபாவளிச் சீட்டுக்குப் பன்னிரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டுப் பட்சணமும் பாத்திரமும் வாங்கப் பையோடு போனால், கதவில் தேங்காய் சைஸ் பூட்டு!

பையன் பதில் பேசவில்லை. சனிக்கிழமை காலை ரயிலேற்றிவிட்டான்.

அய்ல்ஸ்பரியின் மார்க்கெட் சதுக்கத்தில் ஒரு மணிக்கூண்டு, பாடகர் டேவிட் போவிக்கு ஒரு சிலை. 2018-ல் திறந்த அந்தச் சிலையே பொதுமக்களிடம் வசூல் செய்து வைத்ததுதான். திறந்த ஓரிரு நாளில், 'முதலில் ஏழைக்குச் சோறு போடுங்கள்' என்கிற மாதிரி யாரோ எழுதிவிட்டுப் போனார்களாம். எனக்குக் கூட்டாளி கிடைத்த மாதிரி இருந்தது!

"இதில்லப்பா, மேரிலியன்" என்றான் பையன்.

1979-ல் இந்த ஊரில் தொடங்கிய ராக் குழு. 1982-ல் வந்த முதல் இசைத்தட்டின் பெயரே 'மார்க்கெட் ஸ்கொயர் ஹீரோஸ்'. 1985-ல் 'கெய்லி' என்ற பாட்டு பிரிட்டனில் இரண்டாமிடம் வரை போனது. அப்புறம் இறங்குமுகம். 1995-ல் இ.எம்.ஐ. கம்பெனியோடு இருந்த ஒப்பந்தமும் முடிந்தது.

1997-ல் அமெரிக்க ரசிகர்கள் கூப்பிட்டார்கள். "வந்தால் அறுபதாயிரம் டாலர் கையைக் கடிக்கும்" என்றது குழு. விட்டார்களா? ரசிகர்களே பாங்க்கில் கணக்குத் தொடங்கி, ஏறக்குறைய அந்தத் தொகையை இன்டர்நெட் மூலம் வசூலித்துக் கச்சேரிக்கு வரவழைத்துவிட்டார்கள்!

அடுத்து, இன்னும் பதிவே செய்யாத ஆல்பத்துக்கு முன்பணம் கேட்டது குழு. கட்டியவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். 2001-ல் ஆல்பம் வந்தது. கடைகளுக்குக் கொண்டுபோகும் வேலைக்கு மட்டும் அதே இ.எம்.ஐ.! கிக்ஸ்டார்ட்டர் பிறந்ததே 2009-ல்தான்.

ஆல்பத்தின் பெயர் 'அனோரக்னோஃபோபியா'. அனோரக் என்றால் தொப்பி வைத்த மழைக்கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் ரயில் நம்பர் குறிக்கிற ஆசாமிகளால், எதிலாவது கிறுக்காக இருப்பவருக்கே அங்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. அந்தக் கிறுக்கர்கள்தான் குழுவைக் காப்பாற்றினார்கள்.

"கம்பெனி முன்பணம் குடுத்தா பாட்டு கம்பெனியோடதுப்பா. ரசிகன் குடுத்தா நம்மளோடது" என்றான் பையன், டீக்கடையில்.

2004-ல் வந்த 'மார்பிள்ஸ்' சிறப்புப் பதிப்பில், முன்பணம் கட்டியவர்கள் பெயர்களையும் அச்சடித்தார்களாம். நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதுவோமே, அதே சமாச்சாரம்!

திரும்பும் ரயிலில் கேட்டேன். "சரி, பணம் வாங்கின பிறகு பாட்டு நல்லா அமையலேன்னா?"

ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதாம்ப்பா எனக்கும் தூக்கம் வரமாட்டேங்குது" என்றான்.

சீட்டுக்காரன் முகத்தில் அந்த பயத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஒரு ஆல்பம் எவ்வளவுடா?"

"பதினஞ்சு பவுண்டுப்பா."

ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது. இருந்தாலும் பர்ஸைத் திறந்தேன்.

"ரெண்டு எழுதிக்கோ. உங்கம்மா பேர்ல ஒண்ணு, என் பேர்ல ஒண்ணு. இனிஷியலை விட்டுடாதே!"