ஒரே கட்டில், இரண்டு ஷிப்ட்

காதல் கதை எழுதுகிறவர்களுக்குக் காதலர்களைச் சேர்த்துவைப்பது கஷ்டமே இல்லை. சேரவிடாமல் இழுத்துப் பிடிப்பதுதான் தலைவலி. அந்தஸ்து, அரைகுறையாகக் காதில் விழுந்த பேச்சு, கைமாறிப்போன கடிதம் என்று நானும் எல்லா முட்டுக்கட்டைகளையும் போட்டுப் பார்த்தவள். 'அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசினா தீராதா?' என்று எந்த வாசகியும் கேட்டுவிடலாம்.

பெத் ஓ'லியரியின் 'தி பிளாட்ஷேர்' (2019) அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. முட்டுக்கட்டை, வாடகை! லண்டன் ஸ்டாக்வெல்லில் ஒற்றைப் படுக்கையறை வீடு, ஒரே கட்டில். லியோன், மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் இரவு ஷிப்ட் நர்ஸ். சிறையிலிருக்கும் தம்பிக்காக வக்கீல் ஃபீஸ் கட்ட வேண்டும். டிஃபி, சிறிய பதிப்பகத்தில் உதவி ஆசிரியர். பிரிந்துபோன காதலனின் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மாதம் 350 பவுண்டு வாடகைக்கு அவன் வீட்டை அவள் பங்குபோட்டுக்கொள்கிறாள். பகலில் அவன் தூங்குவான். இரவும் சனி, ஞாயிறும் அவளுக்கு. ஓ'லியரியின் துணைவர் மருத்துவராக இரவுப் பணி பார்த்த காலத்தில் பிறந்த யோசனை இது.

பேச்சு முழுக்க போஸ்ட்-இட் சீட்டுகளில். மிச்சச் சாப்பாடு, குப்பை என்று சில்லறை விஷயங்களில் ஆரம்பிக்கிறது. நான் பொறாமைப்பட்டது இங்கேதான். நேருக்கு நேர் பேசவிட்டால் பாத்திரங்கள் ஒருவரையொருவர் இடைமறிப்பார்கள். எழுதுகிறவளும் அவசரப்பட்டு மனதைத் திறந்துவிடுவாள். சீட்டுக்குப் பதில் வர ஒரு ஷிப்ட் முடிய வேண்டும். அத்தியாயங்கள் இருவர் குரலிலும் மாறிமாறி வருவதால் அவரவர் நாள் எப்படிப் போனது என்பது நமக்கு முன்பே தெரியும். ஆகவே சீட்டில் எதை எழுதாமல் விட்டார்கள் என்றுதான் கண் தேடுகிறது. அவள் குரல் கொட்டித் தீர்க்கும். அவனுடையது தந்தி மாதிரி. அவன் அத்தியாயங்களில் உரையாடல்கூட நாடகப் பிரதிபோல் அச்சாகியிருக்கும்.

முதல் சந்திப்பு குளியலறையில், அவன் ஷவரில் நிற்கும்போது. அதற்குள் அவர்கள் எவ்வளவோ பகிர்ந்துகொண்டாயிற்று, முகம் மட்டும்தான் பாக்கி. அதனால்தான் அந்த அசட்டுத்தனம் மலிவாகத் தெரியவில்லை.

பழைய காதலன் ஜஸ்டின் அவளை எப்படி ஆட்டிவைத்தான் என்பது அவளுக்கு முன்பே நமக்குப் புரிகிறது. சிரிப்புக் கதைக்குள் இதை நுழைத்தது துணிச்சல். ஆனால் அவள் போகுமிடமெல்லாம் அவன் வந்து நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே உத்தியை அத்தனை தடவை கையாண்டால், என் கதைகளைப் படிக்கிறவர்களே சண்டைக்கு வருவார்கள்.