மதுரையா, சிதம்பரமா?

உன் பெண்ணுக்கு மீனாட்சி என்று பேர் வைத்தால் பழசாக இருக்கிறது என்கிறாய். இருக்கட்டும் தாயி. புதுசு வேண்டுமென்று நீ அனுப்பிய பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். ஒவ்வொரு பேருக்கும் எதிரே குணம் வேறு எழுதியிருக்கிறது. தலைமைப் பண்பு, இரக்கம், கலை ஆர்வம், அதிர்ஷ்ட எண் 5. பொறாமைக்காரி, சோம்பேறி, கைமாற்று வாங்கினால் திருப்பித் தராதவள் என்று ஒரு பேருக்காவது போட்டிருக்கிறார்களா என்று தேடினேன். இல்லை. அப்படிப்பட்டவர்களெல்லாம் பேரே இல்லாமல்தான் உலகத்தில் திரிகிறார்கள் போலிருக்கிறது.

நகராட்சி ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். பேர்கள் அலை அலையாக வந்து போனதைப் பார்த்தவன். பழைய பதிவேடுகளைப் புரட்டினால் மீனாட்சி, முத்துலட்சுமி, பேச்சியம்மாள், காமாட்சி. திராவிட இயக்கம் வளர வளர தமிழ்ச்செல்வி, கயல்விழி, மலர்விழி வந்தார்கள். பிறகு உஷா, லதா, கீதா என்று வாயில் நிற்காமல் ஓடும் சின்னப் பேர்கள். அப்புறம் பிரியா, கவிதா. 1994-இல் ஐஸ்வர்யா ராய் உலக அழகி ஆனார். அதன் பிறகு எந்த வகுப்பறையிலும் ஐஸ்வர்யாவுக்குப் பஞ்சமில்லை. ஹரிணி, வர்ஷினி, எதோடும் ஒட்டிக்கொள்ளும் ஒரு ‘ஸ்ரீ’. இப்போது யாழினி, மகிழினி, இனியா. ஒவ்வொரு காலத்திலும் பெற்றவர்கள் ஊரில் இல்லாத பேர் என்று நினைத்துத்தான் வைத்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் அதே பேரில் பக்கத்து பெஞ்சில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

பொதுவான பேர் என்றால் பிள்ளை கூட்டத்தில் கரைந்துபோவாள் என்று பயப்படுகிறாய். சுப்புலட்சுமி என்பது தென்மாவட்டங்களில் தெருவுக்குத் தெரு இருந்த பேர். மதுரையில் 1916-இல் பிறந்த ஒரு சுப்புலட்சுமி, ஊர்ப் பேரையும் வீணை வாசித்த தாய் சண்முகவடிவின் பேரையும் இரண்டு எழுத்தாக முன்னால் போட்டுக்கொண்டார். இன்று ‘எம்.எஸ்.’ என்றாலே போதும், பேரைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அவரைக் குஞ்சம்மா என்றுதான் கூப்பிட்டார்களாம்.

சரி, மீனாட்சியின் குணத்துக்கு வருவோம். அந்தப் பட்டியலைவிட நம் ஊர்க்காரர்கள் இதில் கெட்டி. வீட்டில் யார் சொல் செல்லும் என்று கேட்க ‘மதுரையா, சிதம்பரமா?’ என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். மதுரை என்றால் அம்மாள் ஆட்சி, சிதம்பரம் என்றால் ஐயா ஆட்சி. அதனால் மீனாட்சி என்று வைத்தால் பெண் கட்டியாளுவாள் என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு, அதற்காகவே பெண் எடுக்கத் தயங்குகிறவர்களும் உண்டு.

கேலிக்குப் பின்னால் கோயில் வழக்கம் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் அம்மனுக்குப் பட்டாபிஷேகம். வேப்பம்பூ மாலை போட்டு, கையில் செங்கோல் கொடுப்பார்கள். அன்றிலிருந்து நான்கு மாதம் மதுரையில் அவள் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கருக்கு முடிசூட்டிய பின் எட்டு மாதம் அவர் ஆட்சி. ஆக, வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்குக்காரர் அவர்தான். பேர் மட்டும் அம்மாவுக்கு!

திருவிளையாடற் புராணம் சொல்லும் கதையை உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், பாதியில் தூங்கிவிடுவாய். மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் ஆண் பிள்ளை கேட்டு வேள்வி செய்தார்கள். தீயிலிருந்து வந்தவள் மூன்று வயதுப் பெண், அதிலும் மூன்று தனத்தோடு. ராஜா மனம் நொந்துபோனான். ‘தடாதகை என்று பேரிட்டு, ஆண் மகனுக்குச் செய்யும் சடங்கெல்லாம் இவளுக்குச் செய்து முடிசூட்டு’ என்று அசரீரி சொன்னது. அவனும் செய்தான். நாம் கும்பிடுகிற மீனாட்சியே, ஆண் பிள்ளை கேட்ட இடத்தில் வந்து பிறந்த பெண்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் கையால் ‘போதும்பொண்ணு’ என்றும் எழுதியிருக்கிறேன். ‘வேண்டாம்’ என்றும் எழுதியிருக்கிறேன். அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும் என்று, பிறந்த பெண்ணின் தலையில் எழுதி ஒட்டிய வேண்டுதல் அது. வேறு பேர் யோசியுங்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். ‘நீங்க எழுதுங்க சார்’ என்பார்கள். பின்னாளில் அந்தப் பெண்களில் சிலர் சான்றிதழ் வாங்க ஜன்னலுக்கு வந்து பேரைத் தாங்களே உரக்கச் சொன்னபோது நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். டீச்சர் உண்டு, நர்ஸ் உண்டு, பலசரக்குக் கடை வைத்தவள் உண்டு. போதும் என்ற குணம் எதுவும் அவர்களிடம் தெரியவில்லை. குணம் தெரிந்ததெல்லாம் பேர் வைத்தவர்களிடம்தான்.

ஆண்ட பேர் ஆளும் என்பதும் அப்படித்தான். 1730-களில் திருச்சிராப்பள்ளியில் மீனாட்சி என்ற நாயக்க ராணி ஆண்டாள். சந்தா சாகிப் கொடுத்த வாக்கை நம்பினாள், ஏமாந்தாள், ஆட்சியும் போய் உயிரும் போயிற்று. மதுரை நாயக்கர் வம்சம் அவளோடு முடிந்தது. திசையெல்லாம் வென்ற அம்மனுக்கும் கோட்டையைப் பறிகொடுத்த ராணிக்கும் பேர் ஒன்றே. உன் பட்டியல் இருவருக்கும் தலைமைப் பண்பு என்றுதான் போடும்.

எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இன்னொன்று என்று ஆனால், பாஸ்போர்ட் எடுக்கும் வயதில் அந்தப் பிள்ளைதான் அலையும். பேரை மாற்ற அரசிதழில் வெளியிட வேண்டும், அதற்குக் கட்டணம், விண்ணப்பம், பிறகு ஒவ்வொரு ஆவணமாகத் திருத்தம். அதிர்ஷ்ட எண் அந்த வரிசையில் வந்து நிற்காது.

பேரை மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. உ.வே.சாமிநாதையருக்கு முதலில் வெங்கடராமன் என்றுதான் பேர். அவருடைய குரு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (பார், இந்தப் பேர் ஆண்களையும் விடவில்லை) வேறு பேர் உண்டா என்று கேட்க, சாமிநாதன் என்று வீட்டில் கூப்பிடுவதைச் சொன்னார். அதையே குரு வைத்துக்கொண்டார். கூப்பிடுகிறவருக்குப் பிரியமான பேர் நிலைத்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டில் மீனாட்சி என்று கேட்பது உன் மாமியார் பேர் என்பதால்தான். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பேரை வைப்பது அவர்கள் வழக்கம். அந்தக் காலத்தில் மருமகள் மாமியார் பேரைச் சொல்லக் கூடாது. அதனால் பேரை வைத்துவிட்டு ‘ஆத்தா’ என்றும் ‘பாப்பா’ என்றும் கூப்பிட்டே வளர்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் பிள்ளைக்கே தன் பேர் தெரியும். உனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை.

யாழினி என்று வைப்பதானாலும் எனக்குச் சம்மதம், நல்ல பேர். பேர் இல்லாமலே பிறப்பைப் பதிந்திருக்கிறீர்கள், பரவாயில்லை. 12 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் கட்டணமில்லாமல் சேர்த்துவிடுவார்கள். அதற்குள் ஒரு காரியம் செய். உன் மாமியார் இதைத் தானாக உன்னிடம் கேட்கவில்லை, மகன் மூலம்தான் சொல்லிவிட்டிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை நீயே அந்தம்மாவுக்குப் போன் போட்டு, அவருக்கு அந்தப் பேரை யார் வைத்தார்கள் என்று கேள்.