திக்கிய வில்லுப்பாட்டு

மதினி கைபேசியை எங்களிடம் நீட்டியபோது சொன்னது ஒன்றுதான்: "பாட்டு எப்படியும் போகட்டும் தம்பி, அவுக குரல் மட்டும் அந்துபோகாமப் பாத்துக்கோங்க."

அண்ணாச்சி ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் மாதாந்திர இலக்கியக் கூட்டங்களுக்குப் பேருந்து ஏறித் திருநெல்வேலிக்கு வந்துவிடுவார். கொடைக்காலம் தொடங்கிவிட்டால் மட்டும் அவரைப் பார்ப்பது அரிது. தாமிரபரணிக் கரை ஊர்களில் எங்கே சுடலைமாடனுக்குக் கொடை, எங்கே அம்மனுக்குக் கொடை என்று விசாரித்துப் போய், சட்டைப்பையில் கைபேசியை வைத்துக்கொண்டு விடிய விடிய வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் பதிவு செய்துகொண்டிருப்பார். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஊர், கோயில், நாள், பாடுகிறவர் பெயர் ஆகியவற்றைத் தம் குரலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஓய்வார். நூலகத்தில் பதிவேடு எழுதுவது போன்ற அந்தச் சில வரிகளே, 2024இல் அவர் மறைந்தபின் மதினிக்கு அவரது குரலாக எஞ்சின. மாலையில் விளக்கேற்றியபின் ஏதாவது ஒரு பதிவைப் போட்டுக் கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று.

அந்தப் பதிவுகள் அனைத்தும் ஒரே ஒரு மெமரி கார்டில் இருந்தன. அதுவும் வெள்ளம் கண்ட கார்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இப்பகுதியினர் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுபோனது. அண்ணாச்சியின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடக்குழியிலிருந்த கைபேசி சேற்றில் கிடந்து செத்தது. கார்டைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வேறொரு கைபேசியில் போட்டார்கள், பாடியது. பாடியதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். அன்றே அதைப் படியெடுத்திருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்துத் திக்கல் தொடங்கியது. பாட்டு அரை நொடி நிற்கும், பிறகு தொடரும். வில்லுப்பாட்டில் இதை உடனே கண்டுகொள்வது எளிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வீசுகோல் வில்லின் நாணில் விழுவதும், குடத்தின் வாயில் பட்டை அடிப்பதும், உடுக்கை இழுப்பதுமாக இருக்கும் இசையில், ஒரு நிறுத்தம் தாளத்தின் பகுதிபோலவே ஒலித்தது. அண்ணாச்சியின் அறிமுக வரிகளில் "இன்று வெள்ளி..." என்று நின்று "...க்கிழமை" என்று தொடர்ந்தபோதுதான் மதினி பயந்துபோனார். பேசும்போது திக்காத மனிதர் அவர்.

நாங்கள் உற்சாகமாகக் காரணம் தேடக் கிளம்பினோம். கைபேசியை அணைத்துப் போட்டோம். பாட்டுப் போடும் செயலியை மாற்றினோம். கார்டைச் செருகியதும் கைபேசி அதிலுள்ள கோப்புகளையெல்லாம் பட்டியலிடத் தொடங்குகிறது, அந்தச் சில நிமிடங்களில் திக்குவது இயல்பு என்று படித்து, காத்திருந்தும் பார்த்தோம். பயனில்லை. கடைக்காரர் கார்டின் மேலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இது கிளாஸ் 4 அண்ணாச்சி, ஸ்லோ கார்டு. கிளாஸ் 10 வாங்கிப் போடுங்க" என்றார்.

இந்த இடத்தில் கணக்கு எங்களுக்கு உதவியது. கிளாஸ் 4 என்றால் நொடிக்குக் குறைந்தது 4 மெகாபைட் என்று பொருள். அதுவும் எழுதும் வேகத்துக்கான உறுதிதான். அண்ணாச்சியின் பதிவுகளோ 128 கிலோபிட் எம்பி3 கோப்புகள். நொடிக்கு 16 கிலோபைட் வந்தால் போதும். தேவையைப்போல் 250 மடங்கு வேகம் கையில் இருக்கிறது. உயர்தர வீடியோ என்றால் நொடிக்கு இரண்டு மெகாபைட் அளவுக்குக் கேட்கும். அங்கே மெதுவான கார்டு தடுமாறலாம். வெறும் ஒலிக்கு அது காரணமாகாது.

பிறகு எங்களில் ஒருவர் உருப்படியான ஒரு கேள்வியைக் கேட்டார்: திக்குவது ஒரே இடத்திலா, வேறு வேறு இடத்திலா? ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் திக்கினால், குறை கைபேசியிலோ கார்டு பொருந்தும் இடத்திலோ இருக்கலாம். எப்போதும் அதே இடத்தில் என்றால், குறை கார்டில் அந்தப் பகுதியில் இருக்க வேண்டும், அல்லது பதிவு செய்யும்போதே நேர்ந்ததாக இருக்க வேண்டும். போட்டுக் கேட்டோம். இரண்டு வகையும் இருந்தன. கார்டின் எட்டு பொன்னிற முனைகளில் இரண்டில் மங்கலான கறை. துடைத்தபின் இடம் மாறித் திக்குவது நின்றது. "வெள்ளி...க்கிழமை" மட்டும் அங்கேயே நின்றது.

அதற்கான விளக்கம் இது. கார்டுக்குள் எழுத்து என்பது நுண்ணிய அறைகளில் அடைத்துவைத்த மின்னூட்டம். ஆண்டுகள் செல்லச் செல்ல, வெப்பம் படப்பட, அது கசிகிறது. கசிந்த இடத்தைப் படிக்க நேரும்போது கார்டு பிழை என்று உடனே கைவிரிப்பதில்லை. அளவுகோலைச் சற்று மாற்றி மறுபடி படிக்கிறது, மீண்டும் படிக்கிறது, ஊகித்துத் திருத்துகிறது. அதுவரை கைபேசி காத்திருக்கிறது. சேமித்து வைத்திருந்த ஒலி தீர்ந்ததும் பாட்டு நிற்கிறது. நாங்கள் கேட்ட திக்கல், மங்கிய எழுத்தை ஒருவர் கண்ணருகே வைத்து உற்றுப் பார்க்கும் நேரம். இன்னும் படிக்க முடிகிறது என்பதும், இனி நெடுநாள் முடியாது என்பதும் அதன் பொருள்.

இங்கே எங்கள் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அதே கார்டைக் கழற்றியும் மாட்டியும், அதே கோப்புகளைத் திரும்பத் திரும்பப் போட்டும் சோதித்துக்கொண்டிருந்தோம். முதல் நாள் திக்கியேனும் பாடிய இரண்டு கோப்புகள் பத்தாம் நாள் திறக்கவேயில்லை. ஒருமுறை, கார்டு பழுதாகியிருக்கிறது, ஃபார்மட் செய்யவா என்று கைபேசி கேட்டது. சம்மதம் சொல்ல நீண்ட விரலை மற்றொருவர் பிடித்து இழுத்தார். காரணம் அறியும் ஆசையில், காப்பாற்ற வேண்டியது எது என்பதை மறந்திருந்தோம்.

அதன்பின் கார்டைக் கைபேசியில் போடவில்லை. பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் மடிக்கணினியும் கார்டு ரீடரும் கொண்டுவந்தான். டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளால் கார்டை முழுமையாகப் படியெடுத்தான். அது வேலை செய்த முறை எங்களைக் கவர்ந்தது. எளிதாகப் படிக்க முடிந்ததை முதலில் விரைவாக எடுத்துக்கொள்கிறது; முரண்டுபிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பின்னர் பொறுமையாக அவற்றிடம் திரும்புகிறது. கடினமான இடத்தில் முட்டிக்கொண்டு எளிய இடத்தையும் இழக்கும் எங்கள் முறைக்கு நேர் எதிரானது. ஓர் இரவும் மறுநாள் பகலும் ஓடியது. ஏழு கோப்புகள் நீங்கலாக எல்லாம் மீண்டன. சிலவற்றில் சில நொடிகள் மட்டும் இல்லை.

இது நம் ஆற்றங்கரைக்குப் புதிய செய்தியன்று. பத்துப்பாட்டை 1889இல் பதிப்பிக்கும் முன் உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி வந்த ஊர்களில் ஒன்று, ஸ்ரீவைகுண்டத்துக்கு அடுத்துள்ள ஆழ்வார்திருநகரி. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு அவர் மனம் நொந்ததையும் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஏடு சிதைந்தால் முதலில் புதுப்படி எடுத்துக்கொண்டு, பிறகே பழையதைத் தீயிலிடுவது முந்தைய வழக்கமாக இருந்தது. முதல் பாதியை மறந்து இரண்டாம் பாதியை மட்டும் செய்துவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். கார்டை ஃபார்மட் செய்ய நீண்ட விரலும் அதே வகையைச் சேர்ந்ததுதான். ஓலை நிலைக்கும் என்று யாரும் நம்பியதில்லை. படியெடுக்கும் கைகளைத்தான் நம்பினார்கள். நாங்களோ கார்டை நம்பினோம்.

வில்லுப்பாட்டுக் கதைகள்தாம் அச்சாகியிருக்கின்றனவே என்று கேட்கலாம். முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். ஆனால் பாடுகிறவர் வரிகளுக்கு இடையே அந்த ஊர்க்காரர்களோடு பேசும் பேச்சும், சாமி வந்து ஆடும்போது பாட்டு விரைவதும், ஓர் இரவுக்கு மட்டுமே உரியவை. போன ஏழு கோப்புகளில் எந்த இரவுகள் போயின என்று சொல்ல அண்ணாச்சியும் இல்லை.

படிகளை மூன்றாக்கினோம். ஒன்று மதினியின் கைபேசிக்குள், ஒன்று எங்களில் ஒருவர் வீட்டு வன்தட்டில், ஒன்று வெளியூரில், ஆறு ஏற முடியாத இடத்தில். கார்டு இப்போது மதினியின் குங்குமச் சிமிழில் இருக்கிறது.

ஒப்படைத்த அன்று மாலை முத்துப்பட்டன் கதையைப் போட்டோம். அறிமுக வரிகள் தடையின்றி வந்தன; "இன்று வெள்ளிக்கிழமை" என்று முழுதாகக் கேட்டது. பாட்டின் நடுவே ஓர் இடத்தில் நான்கு நொடி ஒன்றுமில்லை. அந்தப் பகுதியை மீட்க முடியவில்லை என்று சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தோம்.

"அந்த இடத்துல அவுக இருமுவாக" என்றார் மதினி.

ஏடு சிதைந்த இடங்களில் பழைய பதிப்பாசிரியர்கள் புள்ளி இட்டுக் காட்டுவார்கள். நாங்கள் கோப்புகளின் பட்டியலில் அந்தப் பதிவுக்கு எதிரே எழுதி வைத்தோம்: நான்கு நொடி இல்லை, இருமல்.